வீட்டுத் தோட்டத்தில் குடைமிளகாய்

மிளகாய் என்றாலே காரம் என்று பழகிவிட்ட நாவுக்குக் குடைமிளகாய் ஒரு விந்தையே. உறவு முறையில் பார்த்தால் சாம்பாரில் நாம் இடும் மிளகாயும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதாம். காரத்தைத் தரும் காப்சைசின் என்னும் பொருளைக் குடைமிளகாய் உண்டாக்குவதில்லை. ஆகவேதான் குழந்தைகளும் வயிற்றுப்புண் உள்ள முதியோரும் இதை அஞ்சாமல் உண்கின்றனர்.

இதன் சத்தைப் பற்றிச் சுவையான வரலாறு ஒன்று உண்டு. அங்கேரி நாட்டின் செகெத் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்னும் பேராசிரியர் வைட்டமின் ‘சி’ பற்றி ஆராய்ந்து வந்தார். ஆய்வுக்குப் போதிய அளவு அப்பொருள் கிடைக்காமல் அவர் தவித்த வேளையில், ஓரிரவு அவருடைய மனைவி உணவுடன் மிளகாயையும் பரிமாறினார். அதை உண்ண மனமில்லாத பேராசிரியர் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று சோதித்தார். அதில் வைட்டமின் ‘சி’ நிறைந்திருந்தது. சில வாரங்களில் அதைக் கிலோக்கணக்கில் பிரித்தெடுத்தார். 1937-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. (நம் இல்லத்து ஆடவர்கள், மனைவி சமைத்ததை மறுப்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டாதிருப்பார்களாக!)

இத்துணை நலம் தரும் காயை வீட்டிலேயே பயிரிடலாமே என்று பலர் முயல்கின்றனர். விதை முளைக்கிறது, செடி செழித்து வளர்கிறது, வெண்ணிறப் பூக்களும் நிறைகின்றன. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் பூக்கள் காம்போடு தரையில் கிடக்கின்றன. மறுநாளும் அவ்வாறே. உரம் போதவில்லை என்று உரம் இடுகின்றனர். மருந்துக் கடைக்குச் சென்று பணம் செலவழிக்கின்றனர். நான்கு மாத உழைப்பு ஒரு காய்கூட இன்றி வீணாகிறது. “இது மலைப்பயிர், நம் ஊரில் வராது” என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர்.

பெரும்பாலும் குற்றம் உரத்தில் இல்லை, இரவின் வெப்பத்தில் இருக்கிறது. இரவு வெப்பம் 24 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தாலோ, பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலோ குடைமிளகாய்ப் பூவில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சமவெளியில் இரவு குளிர்ந்திருப்பது மார்கழி, தை, மாசியின் முற்பகுதி ஆகிய காலத்தில்தான். செடி பூக்கும் பருவம் அந்தக் குளிருக்குள் அமையுமாறு நாம்தான் நாளைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு எளிது. விதைத்த நாளிலிருந்து நாற்று நடும் பருவம் அடைய ஏறக்குறைய 40 நாள். நட்டபின் பூக்க 30 முதல் 40 நாள். ஆகவே புரட்டாசி முற்பகுதியில் விதைத்து, ஐப்பசி நடுவில் நட்டால், மார்கழித் தொடக்கத்தில் பூ வரும். பொங்கல் கழிந்து விதைப்பவர் பங்குனி, சித்திரை வெயிலில் பூவைக் காண்பார், காயைக் காணமாட்டார். கொடைக்கானல், உதகை போன்ற இடங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே பனிக்காலம் நீங்கியபின் விதைப்பதே முறை.

ஐப்பசி மழை நம் கணக்கில் குறுக்கிடும் என்பது உண்மையே. அதனால் நாற்றை வெட்டவெளியில் விடாமல், மழைச்சாரல் படாத, வெயில் விழும் தாழ்வாரத்தில் சிறு தொட்டிகளில் வளர்ப்பது நல்லது. ஈரம் மிகுந்தால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். ‘கலிபோர்னியா வொண்டர்’, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘அர்க்கா மோகினி’, ‘அர்க்கா கௌரவ்’ ஆகியவை பெயர்பெற்ற இரகங்கள். கடையில் வாங்கிய காயின் விதையை விதைப்பவர்களும் உண்டு. அது கலப்பின விதையாக இருந்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, ஓரடி அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில் ஒரு செடி வீதம் நடுக. நிலத்தில் நட்டால் ஒன்றரை அடி இடைவெளி தேவை. ஆறு மணி நேர வெயில் போதும். தழைச்சத்தை அள்ளி இட்டால் இலைதான் பெருகும். தண்டு கவைபிரியும் இடத்தில் வரும் முதற் பூவைக் கிள்ளிவிட வேண்டும். இதற்கு மனம் வராது. ஆயினும் கிள்ளிய செடி நன்கு கிளைத்துப் பின்னர் மிகுதியாகக் காய்க்கும்.

காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல் போல் சுருங்குவதைக் கண்டு சிலர் முட்டை ஓட்டுத் தூளை அள்ளிப் போடுகின்றனர். சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சேராமையே அதற்குக் காரணம் என்பது சரியே. ஆனால் மண்ணில் உள்ள சத்தைக் காய்வரை கொண்டு செல்வது நீரல்லவா? இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக்கும் பழக்கத்தை விட்டு, மண் எப்போதும் மிதமான ஈரத்துடன் இருக்கப் பார்த்துக்கொண்டால் அந்நோய் பெரும்பாலும் தோன்றாது. வைக்கோல் மூடாக்கும் உதவும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பூச்சி என்று கொள்ளலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். புகையிலை பயன்படுத்துவோர் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் செடியைத் தொடலாகாது. புகையிலையில் உள்ள நச்சுயிரி மிளகாய்ச் செடிக்கும் பரவும்.

காரமிளகாயின் அருகில் நட்டால் குடைமிளகாயும் காரமாகிவிடும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. அயல் மகரந்தம் விழுந்தாலும் இந்தச் செடியின் காய் காரமாகாது. அந்தக் காயின் விதையை மறு ஆண்டு விதைத்தால்தான் காரம் தலைகாட்டும். விதை எடுக்க விரும்புவோர், கலப்பினமல்லாத செடியில் ஒரு கிளையை மொட்டுப் பருவத்திலேயே மெல்லிய துணியால் கட்டிவிடலாம். தன் மகரந்தத்தாலேயே அது காய்க்கும்.

காய் முழு அளவை எட்டியதும் பச்சையாகவே பறிக்கலாம். செடியிலேயே இன்னும் மூன்று, நான்கு வாரம் விட்டால் சிவந்து இனிப்பேறும். வைட்டமின் ‘சி’யும் கூடும். ஆனால் அவ்வாறு விட்ட செடி புதிதாகப் பிஞ்சு விடுவது குறையும். எனவே முதற் காய்களைப் பச்சையாகப் பறித்து, மாசியில் வரும் கடைசிக் காய்களைச் சிவக்க விடுவதே என் கருத்து. கையால் இழுத்தால் கிளை முறியும்; கத்தரியால் காம்போடு வெட்டுக. விதைக்காக விட்ட காயை நன்கு சிவந்தபின் பிளந்து, விதைகளை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் நாள் குறித்து வைத்தால் இரண்டு ஆண்டுவரை முளைக்கும்.