புளோக் பூனைகளும் ஜீவகாருண்யமும்

சிங்கப்பூரில் எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் திரிந்த பூனை ஒன்றுக்கு நான் தினமும் சோறும் மீனும் வைத்து வந்தேன். புண்ணியம் என்றே எண்ணியிருந்தேன். ஓராண்டில் அது இருமுறை ஈன்றது. ஒன்பது குட்டிகளில் பிழைத்தவை மூன்றே. நாற்றம் தாளாத அண்டைவீட்டார், "பிடித்துப் போகச் சொல்லுங்கள்" என்றனர்.

பிடித்து அகற்றினால், காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்துவிடும். பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். இரண்டே மாதத்தில் குட்டி போடும். ஆகவே, கருத்தடை செய்து பழகிய இடத்திலேயே விடுவதுதான் உயிர்க்கொலையற்ற வழி. காது நுனி நறுக்கப்பட்டிருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்பது அடையாளம்.

சாதுவான பூனையை வீட்டிலேயே வளர்க்கலாம். 1989 முதல் இருந்த தடை நீங்கி, 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் உரிமத்துடன் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மைக்ரோசிப் பொருத்துவதும் சன்னலுக்கு வலை அடிப்பதும் அவசியம்.

வெளியில் உணவிடுவோர், பூனை தின்று முடித்ததும் மிச்சத்தை அள்ளி இடத்தைத் துடைத்துவிட வேண்டும்.

தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்தபின், எங்கள் கீழ்த்தளத்தில் குட்டிகளின் பசிக்குரல் ஓய்ந்தது. அன்பர்களே, சோறிடுவது ஜீவகாருண்யத்தின் தொடக்கம் மட்டுமே.