மிட் சஃபோக் மாவட்ட மன்றத் தேர்தல்கள்

இங்கிலாந்தின் மக்களாட்சியைப் பற்றி எழுதுவோர் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயின், அந்நாட்டு மக்கள் அன்றாடம் உணரும் ஆட்சி, குப்பை அகற்றுவதிலும் வீடு கட்ட அனுமதி தருவதிலும்தான் இருக்கிறது. அப்பணிகளை ஆற்றுவது மாவட்ட மன்றம். பள்ளிகளும் நெடுஞ்சாலைகளும் அதற்கு மேலுள்ள கவுண்டி மன்றத்தின் பொறுப்பாகும். நம் நாட்டு மாவட்டத்தை நினைத்துக்கொண்டு இதனை அளவிடலாகாது. பரப்பில் நம் வட்டத்தை ஒத்தது எனலாம். மாவட்ட ஆட்சியர் என்று ஒருவர் அங்கில்லை.

கிழக்கு இங்கிலாந்திலுள்ள மிட் சஃபோக், வயல்களும் சிற்றூர்களும் நிறைந்த பகுதி. ஸ்டோமார்க்கெட் அதன் பெரிய ஊர். 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பழைய நகர, ஊரக மன்றங்களை ஒன்றிணைத்து இம்மாவட்டத்தை உருவாக்கிற்று. 1973இல் முதல் தேர்தல் நடந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று மன்றம் பொறுப்பேற்றது. இங்கிலாந்தில் சில மன்றங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். மிட் சஃபோக்கிலோ நான்காண்டுகளுக்கு ஒருமுறை மன்றம் முழுவதற்கும் தேர்தல். கூடுதல் வாக்குப் பெற்றவரே வென்றவர். இரு உறுப்பினர் கொண்ட வார்டில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு.

2011இல் இம்மாவட்டமும் அண்டையிலுள்ள பேபர் மாவட்டமும் ஒன்றாகலாமா என்று மக்களிடமே கேட்கப்பட்டது. மிட் சஃபோக் மக்கள் இசைந்தனர். பேபர் மக்கள் மறுத்தனர். இணைப்பு நின்றது. எனினும் அலுவலர்கள் பொதுவாயினர். 2017இல் இரு மன்றங்களின் தலைமையிடமும் இப்ஸ்விச் நகருக்குச் சென்றது. அந்நகரமோ இவ்விரு மாவட்டங்களின் எல்லைக்குள்ளேயே இல்லை! வாக்காளர் தந்த தீர்ப்பு மன்றங்களைக் காத்ததேயன்றி, அலுவலகத்தை அருகில் வைத்திருக்கவில்லை.

2019இல் உறுப்பினர் எண்ணிக்கை 40இலிருந்து 34ஆகக் குறைந்தது. அதுவரை பெரும்பான்மையுடன் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அத்தேர்தலில் கிடைத்தவை 16 இடங்களே. பெரும்பான்மைக்கு வேண்டியவை 18. பசுமைக் கட்சி 12 இடங்களைப் பெற்றது. 2023 மே 4 அன்று அக்கட்சியே 24 இடங்களை வென்று ஆட்சியமைத்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 6, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 4. இங்கிலாந்தில் பசுமைக் கட்சி ஒரு மன்றத்தில் தனிப்பெரும்பான்மை பெற்றது இதுவே முதன்முறை. பல்கலைக்கழக நகரங்களின் கட்சி என்று கருதப்பட்ட ஒன்று, உழவர் வாழும் ஊர்களில் இவ்வெற்றியை அடைந்தது எண்ணத்தக்கது. சிறிய வார்டில் சில நூறு வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும். அங்கே கட்சியின் பெயரைவிட, வாயிலில் வந்து நிற்பவரின் முகம் பெரிது என்பதே என் கருத்து.

அத்தேர்தலில்தான் புகைப்பட அடையாள அட்டை அங்கு முதன்முதலாகக் கட்டாயமாயிற்று. நமக்கு இது புதுமையன்று. அவர்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பிற்று. மற்றொரு செய்தியும் நம் மாணவர்க்குப் பயன்படும். இங்கிலாந்தில் முறைப்படி தங்கியிருக்கும் இந்தியக் குடிமக்களும் இலங்கைக் குடிமக்களும், காமன்வெல்த் நாட்டினர் என்ற உரிமையால் இத்தேர்தல்களில் வாக்களிக்கலாம். மேற்படிப்புக்குச் செல்வோர் பலர் இதனை அறியாமலே திரும்பிவிடுகின்றனர்.

2024 டிசம்பரில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி, மாவட்டம் என்னும் ஈரடுக்கை நீக்கி, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களுக்கு ஒரே மன்றம் அமைக்க முன்மொழிந்தது. செலவு குறையும் என்பது அரசின் வாதம். 2021 கணக்கெடுப்பின்படி மிட் சஃபோக்கின் மக்கள்தொகை ஒரு இலட்சத்தைச் சற்றே கடந்தது; ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர். பெரிய மன்றத்தில் இந்த விகிதம் என்னவாகும் என்பதே அவ்வூர்களில் எழும் வினா.