உதகையின் முதற்பனி

பனி என்னும் ஒரு சொல்லால் நாம் பல பொருள்களைக் குறித்து வருகின்றோம். மார்கழி விடியலிலே தேனாம்பேட்டைத் தெருக்களின்மேல் மங்கலாய்க் கவிந்து நிற்பதும் பனி. புல்நுனியிலே முத்துப்போல் துளித்து நிற்பதும் பனி. இமயத்தின் கொடுமுடிகளை ஆண்டு முழுவதும் மூடிக்கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களுக்கே அப்பெயரிட்டனர் நம் முன்னோர். ஆயினும், வானினின்றும் பஞ்சுபோல் இறங்கும் வெண்பனியை நம் தமிழ்நாட்டிலே கண்டார் இலர். அங்ஙனமிருந்தும் ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நெருங்குங்கால், "உதகையில் பனி கொட்டுகின்றது" என்ற செய்தியும், வெள்ளை விரிப்பு விரித்தாற்போன்ற புல்வெளியின் படமும் வெளிவருகின்றன. விடுமுறைக்கு மலைநாடு செல்ல நம் மாணாக்கர் பலர் அப்பொழுதே மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் காணப்போவது யாது, அஃது எங்ஙனம் உண்டாகின்றது, அதனை நோக்கி மலைவாழ் குடியானவன் ஏன் மகிழ்வதில்லை என்பவற்றை ஈண்டு ஒருவாறு கூறுவோம்.

முதற்கண் ஓர் எளிய கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஜனவரி மாதத்து இரவின் தட்பம் சராசரியாக 21 டிகிரி அளவில் நிற்கும். நெடுங்காலப் பதிவுகளை நோக்கின், 1895-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1905-ஆம் ஆண்டு ஜனவரியிலும் கண்ட 13.9 டிகிரியே நம் நகரின் மிகக் கடுங்குளிர். உயரம் செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் குறையும் என்பர் வானிலை நூலார். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே குறைய வேண்டுவது பதினான்கரை டிகிரி; எஞ்சி நிற்பது ஆறரை டிகிரி. நீர் உறைவதற்கோ சுழியம் வேண்டும். எனவே மலையின் உயரம் மட்டுமே உதகையில் நீரை உறைவித்துவிடாது. எஞ்சிய ஆறரை டிகிரியை எடுத்துக்கொள்வது எது? இவ்வினாவிலேதான் முதற்பனியின் மருமம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

வெண்பனி என்பது மேகத்திலே பிறப்பது. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட மேகத்தில் நீராவி நுண்ணிய படிகங்களாகத் திரண்டு, அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கீழிறங்கும். அவை உருகாமல் நிலத்தை வந்தடைய வேண்டுமாயின், மேகத்திற்கும் நிலத்திற்கும் இடைப்பட்ட காற்றும் குளிர்ந்திருத்தல் வேண்டும். வெப்பமண்டலத்தில் காற்று உறைநிலையை அடைவது சுமார் 15,000 அடிக்கு மேலேதான். நீலகிரியின் உச்சியாகிய தொட்டபெட்டா 8,650 அடியே. இமயத்திற்குத் தெற்கே மிக உயர்ந்ததாகிய ஆனைமுடியும் 8,842 அடியே. ஆப்பிரிக்காவில் நிலநடுக்கோட்டினை அடுத்துள்ள கிளிமஞ்சாரோ மலை 19,000 அடிக்கு மேல் உயர்ந்திருத்தலின் வெண்முடி தரித்து நிற்கின்றது. நம் மலைகட்கு அவ்வுயரம் இல்லை. நம் நாட்டு மேகங்களின் உச்சியிலும் பனிப்படிகங்கள் உண்டாகவே செய்கின்றன. ஆனால் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றன. பெருங்கட்டியாய்த் திரண்ட ஆலங்கட்டி மாத்திரம் சில வேளைகளில் உருகுமுன் தரையை வந்தடையும். ஆலங்கட்டி பெய்து வெளுத்த நிலத்தைக் கண்டு வெண்பனி பெய்ததெனக் கூறுவாரும் உளர்.

நிற்க. உதகையில் நாம் காண்பது உறைபனி. அது வானினின்றும் விழுவதன்று. படியும் இடத்திலேயே விளைவது. அதனை விளங்கிக்கொள்ள, நம் நாட்டிலேயே ஒருகாலத்தில் வழங்கிய வியத்தகு தொழில் ஒன்றனை அறிந்துகொள்ளுதல் நலம். பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத் முதலிய இடங்களில், இரண்டடி ஆழமுள்ள அகன்ற குழிகளை வெட்டி, அவற்றில் உலர்ந்த கரும்புத் தட்டையையும் சோளத் தட்டையையும் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளை நெருக்கமாக அடுக்குவர். காய்ச்சி ஆறிய நீரை மாலையில் அவற்றில் ஊற்றி வைப்பர். மேகமற்ற, காற்றசையாத குளிர்கால இரவாயின், விடியுமுன் அத்தட்டுகளில் பனிக்கட்டி படர்ந்திருக்கும். சுற்றியுள்ள காற்று உறைநிலையை எட்டாத இரவிலும் இது நிகழும்! இராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் இம்முறையை 1775-ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் கழகத்தின் வெளியீட்டில் விரித்தெழுதினார். சென்னைக்கு அத்தகைய இரவு வாய்க்கவில்லை. ஆதலின் அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டி கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்தது. அதனைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் நிற்கின்றது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அக்கப்பல் வாணிகம் ஒழிந்தது.

காற்று உறையாதபோது தட்டிலுள்ள நீர் உறைவது எங்ஙனம்? வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-ஆம் ஆண்டில் பனித்துளியைப் பற்றி எழுதிய நூல் இதற்கு விடை தந்தது. பகலில் கதிரவனிடமிருந்து பெற்ற வெப்பத்தை நிலமும், புல்லும், இலையும் இரவில் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக ஆகாயத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் கவிந்திருப்பின் அது போர்வை போல் நின்று அவ்வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். ஆகாயம் தெளிந்திருப்பின் திரும்புவது குறைவு. காற்று வீசுமாயின் மேலுள்ள வெப்பக் காற்றுக் கீழிறங்கிக் கலந்து ஈடு செய்யும். காற்று அடங்கியிருப்பின் அவ்வீடும் இல்லை. இவ்வாறு தன் வெப்பத்தைத் தானே இழந்த புல், தன்னைச் சூழ்ந்த காற்றினும் மிகுதியாகக் குளிர்ந்துவிடுகின்றது. அதன்மேல் முதலில் நீர்ப்பனி படியும். குளிர் மிகின் அது உறையும். இன்னும் மிகின் நீராவியானது நீராகாமலே நேரே வெண்படிகமாய்ப் படியும். இதுவே உறைபனி.

எனவே நம் மலைகளில் வெண்பனி பெய்யாமைக்கு மற்றொரு காரணமும் புலனாகின்றது. வெண்பனிக்கு மேகம் வேண்டும். உதகையின் கடுங்குளிருக்கோ மேகமின்மை வேண்டும். இவ்விரண்டும் ஓரிரவில் கூடி வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரே உறைபனி தலைகாட்டுவதும் இதனாலேயே. பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் காலம். மழை நீடித்த ஆண்டுகளில் டிசம்பர் இறுதிவரையிலும் பின்தள்ளிப் போவதுண்டு.

மலையுச்சியில் அன்றோ குளிர் மிகுதியாயிருக்கும் என்று எண்ணித் தொட்டபெட்டாவுக்கு விடியற்காலையில் ஓடுவோர் பலர். உறைபனியைத் தேடுவோர் செல்ல வேண்டிய திசை கீழ்நோக்கியது. குளிர்ந்த காற்று கனத்தது. அது நீரைப்போலவே சரிவில் வழிந்தோடிப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் தாழ்ந்த புல்வெளி ஆகியவை முதலில் வெளுப்பதற்கு இதுவே காரணம். வெப்பமானி வைக்கும் மரக்கூண்டு தரையினின்றும் ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கும். அதனுள் 2 டிகிரி, 3 டிகிரி என்று காட்டும் நாளிலும் காலடியிலுள்ள புல் உறைந்து கிடப்பதுண்டு. ஆதலின், "சுழியத்தைத் தொடவில்லையே, பனி எங்ஙனம் உறைந்தது?" என்று செய்தித்தாளைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. அக்கூண்டினை அமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், நம் மாணாக்கர் விரும்பிப் படிக்கும் கதையாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தையாவார்.

இனி வழிச் செலவு. சென்னையில் இரவு இரயிலேறி விடியலில் மேட்டுப்பாளையம் இறங்குவோர், அங்கிருந்து மலை இரயிலில் செல்வதே சிறப்பு. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும் 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் அமைந்த அப்பாதை 29 மைல் நீளமுடையது; 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைவழிகளும் கொண்டது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டடிக்கு ஓரடி வீதம் ஏற வேண்டியிருத்தலின், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் அமைந்த இருப்புச் சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு, வண்டிகளைப் பின்னிருந்து தள்ளிச் செல்லும். 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பாக்குத் தோப்பில் தொடங்கித் தேயிலையில் முடியும் அவ்வைந்து மணி நேரம், புவியியல் ஆசிரியர் ஓராண்டு நடத்தும் பாடத்தைச் சாளரத்தின் வழியே காட்டிவிடும் எனலாம்.

உதகைக்கு அப்பால் செல்வோர் அவலாஞ்சியைக் காண்பர். பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அப்பெயர்; ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சரிந்தது பனியன்று, வெறும் மண்ணே. தோடர்களின் மந்துகளையும் வழியில் காணலாம். மூங்கிலாலும் பிரம்பாலும் வளைத்துக் கூரை வேய்ந்த அவர்களுடைய பழைய இல்லங்களுக்கு, ஊர்ந்து நுழையும் அளவினதாகிய சிறு வாயில் ஒன்றே உண்டு. உட்சென்ற வெப்பம் வெளியேற வழியில்லாதபடி அமைத்த அவ்வீட்டின் அறிவு, கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டும் இக்காலத்து விடுதிகளில் இல்லை. அவ்விடுதிகளில் தங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: குளிருக்கு அஞ்சி, அடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி உறங்குதல் கூடாது. அதினின்றும் எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

பயணத்தில் காணும் மற்றொன்று சற்று நின்று நோக்கத்தக்கது. மலையின் மடிப்புகளிலே சோலைக்காடு அடர்ந்து நிற்க, அதனையடுத்த மேடுகளிலும் தாழ்வுகளிலும் ஒரு மரமுமின்றிப் புல்வெளி பரந்திருக்கும். இரண்டிற்கும் நடுவே கத்தியால் அறுத்தாற்போன்ற எல்லை. இதனை வகுத்தவற்றுள் உறைபனியும் ஒன்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைப்பினும், திறந்த வானத்தின்கீழ் அதன் இளந்தளிர் ஓரிரவில் கருகும். புல்லின் குருத்தோ மண்ணையொட்டி மறைந்திருத்தலின் பிழைத்துக்கொள்ளும். நீலகிரியின் சதுப்புநிலக் கரிமண்ணை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, இப்புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையன என்று காட்டிற்று. காட்டை வெட்டியதால் உண்டான வெறுநிலம் என்று பிறழவுணர்ந்து, அவற்றில் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டு நிரப்பியது பெருங்கேடாய் முடிந்தது. வரையாடு மேயும் நிலமும் அதனால் சுருங்கிற்று.

தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்துவிட்டால் தோட்டக்காரர்க்கு உறக்கம் குறைவு. 1848-ஆம் ஆண்டில் மக்கைவர் என்பவரின் பொறுப்பில் உருப்பெறத் தொடங்கிய அப்பூங்காவில், மாலையானதும் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடுவர். இத்துணை மெல்லிய மூடாக்கு யாது செய்யும் எனத் தோன்றலாம். தோட்டக்காரர் விரிக்கும் பாய்களைக் குறித்து வெல்ஸும் முன்பு அங்ஙனமே எண்ணி நகைத்தவர்தாம். செடிக்கும் ஆகாயத்திற்கும் நடுவே ஒரு திரையிருந்தால் போதும் என்பதைப் பின்னரே கண்டுகொண்டார். விடியலில் புல்வெளிக்கு நீர் தெளிப்பதும் இத்தகைய காப்பே. உறைபனியின்மேல் இளவெயில் சட்டென்று பட்டால் புல் கருகுமாதலின், அதற்கு முன்னரே நீரால் பனியைக் கரைத்துவிடுவர். நம் தேனாம்பேட்டையை அடுத்துக் கதீட்ரல் சாலையில் 2010-ஆம் ஆண்டு திறந்த செம்மொழிப் பூங்காவைப் பேணுவதும் அதே தோட்டக்கலைத் துறைதான். ஆனால் இங்குள்ள தோழர்க்கு வெயிலொன்றே பகை.

பூங்காவின் செடியை மூடலாம்; ஏக்கர் கணக்கில் விரிந்த தேயிலையை மூடுவது எங்ஙனம்? இலைக்குள் உள்ள நீர் உறையும்பொழுது உயிரணுக்கள் வறண்டு சிதைகின்றன. காலையில் வெள்ளியாய் மின்னிய கொழுந்து சில நாட்களில் பழுப்பேறிக் கருகிவிடும். நிழலுக்காக நட்ட மரங்கள் ஓரளவு கூரையாய் நின்று காக்கின்றன; மரமில்லாத தாழ்நிலத்துச் செடிகளுக்கு அக்காப்பும் இல்லை. கருகிய செடியைக் கவாத்துச் செய்துவிட்டு, அது மீண்டும் துளிர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். நீலகிரியின் தேயிலையில் பெரும்பகுதி சிறு நிலம் உடையோரது. பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்கு நிறுத்துக் கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டு குடித்தனம் நடத்துபவர் அவர்கள். கொழுந்தில்லையேல் பறிக்கும் பெண்களுக்குக் கூலியும் இல்லை. உருளைக்கிழங்கு, கேரட் பயிரிடுவோர் நிலையும் இதனின் வேறன்று. அவர்கள் இழப்பு நம் வீட்டு அங்காடிக் கூடையின் விலையிலும் தெரியும். இலங்கையின் நுவரெலியாப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம் தமிழ்மக்களும் ஆண்டின் முதல் மாதங்களில் இதே காட்சியைக் கண்டு வருகின்றனர்.

பனி காணச் சென்று திரும்புவோர், பேருந்து கீழிறங்குங்கால் வலமும் இடமும் சற்று உற்று நோக்குக. சரிவில் நிற்கும் தேயிலை பச்சைப் பசேலென்றிருக்க, அதன் அடிவாரப் பள்ளத்திலுள்ள செடிகள் மட்டும் தீயிற் காய்ந்தன போல் பழுப்பாய்த் தோன்றும். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஏரியின் நீர்மட்டம் போல் ஒரு கோடு நேராய் ஓடும். முந்தைய இரவுகளில் குளிர்ந்த காற்று அப்பள்ளத்தில் எதுவரை நிரம்பி நின்றதோ, அதுவே அக்கோடு.