பூமியின் நாடித் துடிப்பு எல்லோருக்கும் சொந்தம்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 6.30 மணி.

சுமத்ரா தீவின் அருகே, கடலுக்கு அடியில் பூமி பயங்கரமாக அதிர்ந்தது. அங்கே கிளம்பிய ராட்சத அலைகள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இரண்டு மணி நேரம்! கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாட்டியையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம். ஆனால், "போங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மாண்டனர்.

தெரிந்தும் பயன் இல்லை

அந்த அதிர்ச்சி யாருக்கும் தெரியாதா? தெரியும். ஹவாய்த் தீவில் உள்ள எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்தில் அதை அறிவித்தது. ஆனால் அது பசிபிக் கடல் நாடுகளுக்காக ஏற்பட்ட நிலையம். அதிர்ச்சியின் முழு பலமும் அப்போது தெரியவில்லை. இந்துமாக் கடல் நாடுகளுக்கு அபாயச் செய்தி அனுப்ப அன்று ஏற்பாடே கிடையாது.

ஒரு கருவி போதாது

டாக்டர் நாடி பார்ப்பதுபோல, பூமியின் துடிப்பைப் பதிவு செய்யக் கருவிகள் உள்ளன. ஒரு கருவி, அதிர்ச்சி எவ்வளவு தூரத்தில் ஏற்பட்டது என்று சொல்லும். எந்த இடத்தில் என்று சொல்ல, குறைந்தது மூன்று ஊர்களின் பதிவுகள் வேண்டும். ஒரு நாடு தன் பதிவைப் பெட்டியில் பூட்டி வைத்தால் எல்லோருக்கும் நஷ்டம்!

இதற்காக அமெரிக்கா, பல நாடுகளுடன் சேர்ந்து, உலகம் முழுவதும் சுமார் 150 இடங்களில் இத்தகைய கருவிகளை வைத்திருக்கிறது. அவற்றின் பதிவுகளை யாரும் இலவசமாகப் பெறலாம். கல்லூரி மாணவரும் பெறலாம்.

ஐதராபாத்தில் காவல்

2007-ல் ஐதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. நம் கருவிகளின் பதிவுகளோடு, பிற நாட்டுப் பதிவுகளும் அங்கே வந்து சேருகின்றன. இரவு பகலாகக் காவல் நடக்கிறது.

2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே மறுபடியும் பெரிய அதிர்ச்சி. சில நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது. சென்னைக் கடற்கரையில் இருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். நல்லவேளை, பேரலை வரவில்லை.

கடற்கரையில் இருக்கும்போது பூமி பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். எச்சரிக்கைக்கும் காத்திராதீர்கள். குழந்தைகளோடு உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்!