குடியை நிறுத்த உதவும் மாத்திரைகள்: மறைத்துக் கொடுக்கலாமா?

கொழுந்து நிறுக்கும் இடத்திலும், பிள்ளைக்காம்பராவிலும், கோயில் வாசலிலும் தாய்மார் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "குடிய மறக்கடிக்க ஒரு குளிசை இருக்காமே, அத அவருக்குத் தெரியாம தேத்தண்ணியில கலந்து குடுத்துறலாமா?" என்பதே அது.

கேட்பவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். சம்பள நாள் இரவில் லயத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாத்திரை இருக்கிறது, அது வேலையும் செய்யும். ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் என்பதையும், முறைப்படி கொடுப்பது எப்படி என்பதையும் இம்முறை விளக்குகிறோம்.

குடி ஏன் விடமாட்டேன் என்கிறது?

பல வருடமாக நாள் தவறாமல் சாராயமோ கசிப்போ குடிப்பவருடைய மூளை அதற்குப் பழகிப்போகிறது. மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். அதை எதிர்த்து நின்று வேலை செய்வதற்காக மூளை தன்னை எப்போதும் முடுக்கி வைத்துக்கொள்கிறது. குடியை நிறுத்தியதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் வருவதில்லை. "காலையில ஒரு வாய் போட்டாத்தான் கவ்வாத்துக் கத்தியப் புடிக்க முடியுது" என்று சிலர் சொல்வது வெறும் சாக்குப்போக்கு என்று நினைக்க வேண்டாம். அது நோயின் அடையாளம். நோய் என்றால் வைத்தியமும் உண்டு. அந்த வைத்தியத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஆபத்தில்லாமல் நிறுத்துவது முதலாவது. நிறுத்தியதைக் காப்பாற்றுவது இரண்டாவது.

முதற் கட்டம்: ஆபத்தில்லாமல் நிறுத்துவது

மாலை போட்டு விரதம் இருப்பதற்காகவோ, பிள்ளை தலையில் சத்தியம் செய்தோ, ஒரே நாளில் குடியை விட்டுவிடுபவர்கள் எமது தோட்டங்களில் உண்டு. அவர்களுடைய மனம் நல்ல மனம். ஆனால் நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் வைத்தியரிடம் சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால் என்ன நடக்கலாம் என்பதை வீட்டார் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் சிலர் நினைவு தடுமாறி, இல்லாததை எல்லாம் காண்பார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார்கள். காய்ச்சலும் அடிக்கும். அக்கம்பக்கத்தார் "முனி புடிச்சிருச்சி" என்று பூசாரியைத் தேடுவதுண்டு. இது பேயுமில்லை, முனியுமில்லை. குடியை நிறுத்தியதால் வருகின்ற ஒருவகைச் சன்னி. வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகலாம். விபூதி போடுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் இந்த நாட்களைக் கடக்க டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபொக்சைட் என்ற மாத்திரையைக் கொடுப்பார்கள். அது முடுக்கிவிடப்பட்ட மூளையை அமைதிப்படுத்தி வலிப்பைத் தடுக்கும். முதலில் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். இதை வீட்டில் வைத்துக்கொண்டு நினைத்தபோது போடக்கூடாது. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். நீண்ட காலம் போட்டால் இந்த மாத்திரையே இன்னொரு பழக்கமாகிவிடும்.

இத்துடன் தயமின் என்ற விட்டமின் பி1ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். சோறு தின்னாமல் குடிப்பவர்களின் உடம்பில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் கண் அசைவும் நடையும் தடுமாறி, ஞாபக சக்தி நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். மலிவான மருந்துதான், ஆனால் பெரிய இழப்பைத் தடுக்கும்.

இரண்டாம் கட்டம்: நிறுத்தியதைக் காப்பாற்றுவது

நடுக்கம் போய்விட்டது, முகம் தெளிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும்போதுதான் சம்பள நாள் வரும். கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். இந்தக் கட்டத்தில் உதவுவதற்கு மூன்று மருந்துகள் இருக்கின்றன.

டைசல்பிராம்: தாய்மார் கேட்கும் மாத்திரை இதுதான். இதன் கதை தொழிலாளர்களோடு சம்பந்தப்பட்டது. இறப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் இந்த இன இரசாயனங்களோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை வைத்தியர் எழுதிவைத்தார். பிறகு டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கொப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டைசல்பிராமைப் பூச்சி மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று பார்க்கத் தாமே விழுங்கினார்கள். அதன்பின் மது அருந்தியபோது இருவருக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. 1948இல் அதைக் குடிக்கு மருந்தாக உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அது செய்வது என்ன? நாம் குடிக்கும் மதுவை ஈரல் முதலில் அசட்டல்டிஹைட் என்ற நச்சுப்பொருளாக மாற்றி, உடனே அதையும் உடைத்து வெளியேற்றிவிடும். டைசல்பிராம் இந்த இரண்டாவது வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. குடித்தால் நச்சு உடம்பிலேயே தேங்கிவிடும். சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மூச்சு முட்டும். "இன்னைக்கு மாத்திரை போட்டிருக்கேன், குடிச்சா உயிருக்கே ஆபத்து" என்று தெரிந்தவர் போத்தலைத் தொடமாட்டார். மருந்தின் பலமே அவருக்கு அது தெரிந்திருப்பதுதான்.

மறைத்துக் கொடுத்தால் அந்தப் பலம் போய்விடுகிறது, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. தெரியாதவர் வழக்கம்போலக் குடிப்பார். அளவு கூடக்கூட இரத்த அழுத்தம் விழும், இருதயம் தாளம் தப்பும், வலிப்பும் வரலாம். மரணமும் நேர்ந்திருக்கிறது. இருதய வருத்தம், ஈரல் வருத்தம், வலிப்பு, மனநோய் உள்ளவரா என்று பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது. குடித்திருக்கும்போதும் தொடங்கக்கூடாது, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது ஒரு நாளாவது போகவேண்டும். குழம்பில் கலக்கும் கைக்கு இதையெல்லாம் பார்க்க வழியில்லை. அதோடு ஒரு நாள் உண்மை வெளியே வந்தால், "சோத்துல என்னத்தக் கலந்தா?" என்ற சந்தேகம் அந்த வீட்டை விட்டுப் போகாது.

அதே மாத்திரையை அதே மனைவி கையால் கொடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. கணவர் சம்மதித்து, வைத்தியர் சோதித்து எழுதிக்கொடுத்த பிறகு, தினமும் காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அவர் கண் முன்னாலேயே எடுத்துக் கொடுத்து, விழுங்குவதைப் பார்ப்பது. நம்பிக்கையான ஒருவர் இப்படிக் கூட இருந்து கொடுக்கும்போதுதான் இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பது வைத்தியர்களின் அனுபவம்.

இதைப் போடுபவர் மது கலந்த வேறு எதையும் தொடக்கூடாது. நாம் மருந்தென்று குடிக்கும் அரிஷ்டங்களில் மது இருக்கிறது. சில இருமல் பாணிகளிலும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கண் மஞ்சளானால், சிறுநீர் கடுமையாக நிறம் மாறினால், மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

நல்ட்ரெக்சோன்: இது குடித்தால் வாந்தி எடுக்க வைப்பதில்லை. குடிக்கும்போது மூளையில் உண்டாகும் இன்பத்தைக் குறைக்கிறது. "ஒண்ணு போட்டா இன்னொண்ணு" என்ற இழுப்பு தணிகிறது. அமெரிக்காவில் 1994இல் மதுவுக்கான மருந்தாக அனுமதிக்கப்பட்டது. ஈரலைச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பார்கள். மோர்பீன், கோடீன், டிரமடோல் போன்ற வலி மருந்துகள் இதனோடு வேலை செய்யா. ஆகவே விபத்தோ சத்திரசிகிச்சையோ என்றால் இந்த மாத்திரை போடுவதை முதலில் சொல்லவேண்டும்.

அகம்ப்ரோசேட்: குடியை விட்ட பின் வரும் அமைதியின்மையையும் ஏக்கத்தையும் தணிப்பது. நாளுக்கு மூன்று வேளை போடவேண்டும். இது ஈரலில் தங்காமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ஈரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

இந்தக் கடைசி இரண்டையும் 2023ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குடிநோய்க்கு மருந்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தூள், ஐஸ் பழக்கத்துக்கு?

கொழும்புக்கு வேலைக்குப் போன எமது பிள்ளைகள் சிலர் இந்தப் பழக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். ஹெரோயின் தூளுக்கு உலகில் மெதடோன், புப்ரனோர்பின் என்ற மருந்துகள் பயன்படுகின்றன. நல்ட்ரெக்சோனும் உண்டு. ஆனால் தூளை விட்டு 7 முதல் 10 நாட்களாவது ஆகாமல் நல்ட்ரெக்சோன் கொடுத்தால் கடும் வேதனை வந்துவிடும். இங்கேயும் ஒளித்துக் கொடுப்பது ஆபத்துத்தான். 'ஐஸ்' பழக்கத்தை விடுவிப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்னும் இல்லை. யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால் ஏமாற வேண்டாம். அதற்கு ஆலோசனைச் சிகிச்சைதான் வழி.

எங்கே போவது? என்ன சொல்வது?

முதலில் மருந்துக்காம்பராவில் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள். அவரிடம் துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே வைத்தியம் இலவசம். மனநலக் கிளினிக் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பார்கள். குடிக்கு வைத்தியம் பார்ப்பதும் அந்தப் பிரிவுதான் என்று சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசியும் ஆலோசனை கேட்கலாம்.

வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டியவை: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தது, சாராயமா கசிப்பா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்து போடுகிறார், ஈரல், சிறுநீரகம், இருதய வருத்தம் உண்டா. பெண்களிலும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வைத்தியம்தான், கர்ப்பமாக இருந்தால் அதை முதலில் சொல்லவேண்டும்.

கிளினிக் போகும் நாளில் பேர் விழாது என்பது உண்மையான கஷ்டம். அதனாலேயே இரண்டாம் முறை போகாமல் விட்டவர்கள் அநேகர். தோட்டத் தலைவர்மார் இதை வெளிக்கள உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசி, வேறு நாளில் அந்த வேலையைச் செய்ய இடம் கேட்கலாம்.

மாத்திரை பல மாதம் போடவேண்டியது. நடுவில் ஒரு நாள் தவறிக் குடித்துவிட்டால், "இவனத் திருத்தவே முடியாது" என்று மாத்திரையைத் தூக்கி வீசவேண்டாம். பிரஷர் மருந்து போடுபவருக்கு ஒரு நாள் பிரஷர் ஏறினால் வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மறுபடியும் போகவேண்டும்.

கலந்து கொடுக்க எண்ணியிருக்கும் தாய்மாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கடையில் வாங்கி வைத்த மாத்திரை வீட்டில் இருந்தால், அதை மருந்துக்காம்பராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பிறகு அவர் குடிக்காத ஒரு காலை நேரம் பார்த்து, பிள்ளைகள் இல்லாதபோது, "இதுக்கு மருந்து இருக்காம், நானும் கூட வாறேன், போய்ப் பாப்பமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை கோபப்பட்டால் அடுத்த வாரமும் கேளுங்கள்.