உறக்கம் ஓர் அமானிதம்



சிற்றுறக்கமும் ஆழ்ந்த உறக்கமும் அல்லாஹ்வை அணுகுவதில்லை என்பதை ஆயத்துல் குர்ஸி (2:255) அறிவிக்கிறது. நாமோ எவ்வளவு வலிமை படைத்தவராயினும் இரவு வந்ததும் தலைசாய்ந்து விடுகிறோம். நாம் அவனுடைய அடிமைகள் என்பதை உறக்கம் நாள்தோறும் நமக்கு உணர்த்துகிறது.

உறக்கத்தில் அவன் உயிர்களைக் கைப்பற்றுவதையும், தவணை மீதமிருப்போரின் உயிர்களைத் திருப்பி அனுப்புவதையும் அஸ்ஸுமர் அத்தியாயம் (39:42) கூறுகிறது. எனவே, ஒவ்வொரு விடியலும் நம்மிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

அபூதர்தா (ரலி) அவர்கள் இரவெல்லாம் நின்று வணங்க முனைந்தபோது ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து உறங்கச் செய்தார்கள். இரவின் பிற்பகுதியில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்ததை நபி (ஸல்) அவர்கள் சரியெனக் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது.

நஃபிலான வணக்கத்திற்காகக்கூடப் பறிக்கக் கூடாத உறக்கத்தைக் கூலிக்காகப் பறிக்கலாமா? எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் வாழும் நாம் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். 1980களில், தீப்பெட்டி ஆலைப் பேருந்துகளில் ஏற்றுவதற்காகக் கிராமத்துச் சிறார்கள் விடியுமுன்பே எழுப்பப்பட்டனர். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனச் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால், அக்குழந்தைகள் இழந்த உறக்கத்தை எந்தத் தொகை ஈடுசெய்யும்?

உராய்வினாலும் அதிர்வினாலும் பட்டாசு மருந்து பற்றிக்கொள்ளும். உறக்கம் குறைந்தவரின் கவனம் சிதறும், கை தடுமாறும். தூக்கக் கலக்கத்துடன் மருந்தைக் கையாள்பவர், அருகிலிருப்போரின் உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறார். தீபாவளி நெருங்கி வேலை மிகும் மாதங்களில் முதலாளிகளும் தொழிலாளர்களும் இதை மறந்துவிடக் கூடாது.

பெற்றோர்களே! 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்கிறது மருத்துவம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஆகவே, தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்து, உளூச் செய்து, துஆ ஓதி, பிள்ளைகளுடன் விரைந்து உறங்கச் செல்லுங்கள். அப்போது ஃபஜ்ருக்கு எழுவது பாரமாக இராது.

உறங்கும் உரிமையைப் பேணி, அதைப் பிறருக்கும் வழங்கும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.