எச்சரிக்கும் கருவியை அகற்றலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருவர், கல்லூரியில் என்னிடம் பொருளியல் படித்தவர். பட்டு நெசவில் வரும் கூலி போதாத நிலையில், கணவரின் தறிக்குத் துணையாக, வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கத் தொடங்கினார். அதற்காகத் தவணையில் ஒரு மின்சார ஓவன் வாங்கினார். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'சார், ஓவனைப் போட்டா வீடே இருட்டாயிடுது' என்றார். பேராசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம் மாணவர்களுக்கு இன்னும் இருக்கிறது. நான் பொருளியல் ஆசிரியன், மின்பொறியாளன் அல்லன். ஆயினும், என் வீட்டிலும் இதே தொல்லையை ஒருமுறை அனுபவித்து, தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றிருந்ததால், 'எந்த விசை விழுகிறது என்று பார்த்தாயா அம்மா?' என்று கேட்டேன். 'ஏதோ ஒண்ணு விழுது சார். எலெக்ட்ரீஷியன் வர்றேன்னு சொல்லியிருக்கார்' என்றார்.

எந்த விசை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வீட்டு மின்பலகையில் வரிசையாக இருக்கும் விசைகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் வேலை வேறு வேறு. எம்.சி.பி. எனப்படும் சிறு விசை, கம்பியைக் காக்கிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸ் 1924-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது அது. கம்பி தாங்கும் அளவைவிட அதிக மின்சாரம் தொடர்ந்து ஓடினால், அதனுள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். இரு கம்பிகள் நேரடியாக ஒட்டிக்கொண்டால், உள்ளிருக்கும் மின்காந்தம் அக்கணமே துண்டிக்கும்.

ஆர்.சி.சி.பி. என்பது வேறு. அது மனிதரைக் காக்கிறது. பேஸ் கம்பி வழியே போகும் மின்சாரமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல கணக்குப்பிள்ளை வரவையும் செலவையும் ஒப்பிடுவதைப்போல. போனதில் 30 மில்லி ஆம்பியர் திரும்பி வரவில்லை என்றால், அது வேறு வழியில் மண்ணுக்குள் போகிறது என்று பொருள். அந்த வேறு வழி ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். ஆகவே, ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது இணைப்பை அறுத்துவிடுகிறது.

இந்த 30 மில்லி ஆம்பியர் என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பெர்க்லியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்களின் உடலில் சிறு அளவு மின்சாரம் பாய்ச்சி, பிடித்த கம்பியை எந்த அளவு வரை அவர்களால் விட முடிகிறது என்று ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்பது அவர் கண்ட எல்லை. அதற்கு மேல் தசைகள் இறுகிக் கை கம்பியை விடாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சிறிது நேரம் நீடித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். டால்சியல் 1961-இல் இத்தகைய கசிவுத் தடுப்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர். மனிதனைக் கொல்லப் போதுமான மின்சாரத்தைப்போல 500 மடங்கு ஓடினாலும் அது அசையாது. அது அதன் பிழையன்று, அதன் வேலையே வேறு.

இனி ஓவனுக்கு வருவோம். 2,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். தனியாக இயங்கினால் 16 ஆம்பியர் இணைப்பு அதை எளிதில் தாங்கும். அதே இணைப்பில் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் 1,500 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 24 ஆம்பியரை நெருங்கும். உடனே ஒன்றும் நிகழாது. சில நிமிடங்களிலோ அரை மணி நேரத்திலோ எம்.சி.பி. விழும். இது பளு மிகுந்ததன் அடையாளம். இதற்குத் தீர்வு, ஓவனுக்கென்று தனி இணைப்புக் கொடுப்பது. 16 ஆம்பியர் விசையை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் விசையைப் போடுவது தீர்வன்று. சுவருக்குள் இருக்கும் கம்பி பழையதுதானே? விசை விழாது, கம்பி எரியும்.

விழுவது ஆர்.சி.சி.பி. என்றால், எப்போது விழுகிறது என்று கவனிக்க வேண்டும். ஓவனின் குமிழைத் திருப்பாதபோதே, சுவர் விசையைப் போட்டவுடன் விழுந்தால், பிளக்கிலோ வடத்திலோ கோளாறு இருக்கலாம். அல்லது நியூட்ரல் கம்பி உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். குமிழைத் திருப்பியதும் விழுந்தால் சூடேற்றும் கம்பிச்சுருளை ஐயுற வேண்டும். பத்து நிமிடம் நன்றாக இயங்கிப் பின் விழுந்தால், சூட்டில் விரியும் வெடிப்பு ஏதோ அச்சுருளின் உறையில் இருக்கலாம். மழைக்காலத்தில் மட்டும், அல்லது பல வாரம் பயன்படுத்தாமல் வைத்திருந்து போடும்போது மட்டும் விழுந்தால், காரணம் பெரும்பாலும் ஈரம்.

ஈரம் எப்படி உள்ளே போகிறது? ஓவனில் நாம் காணும் கறுத்த குழாய் மின்சாரம் ஓடும் கம்பியன்று, அது உறை. அதன் நடுவே நிக்ரோம் கம்பிச் சுருள். இரண்டுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைக் கடத்தி, மின்சாரத்தைத் தடுப்பது அதன் சிறப்பு. ஈரத்தை உறிஞ்சுவது அதன் குறை. குழாயின் முனையில் உள்ள அடைப்பு நைந்துபோனால், மழைக்காலக் காற்றே போதும். பொடி ஈரமாகி மின்சாரம் உறைக்குக் கசியும். பணிமனையில் அச்சுருளைக் கழற்றி மெல்லச் சூடேற்றி உலர்த்தினால் சரியாவதுண்டு. உறையே வெடித்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எது என்பதை 'மெகர்' என்னும் அளவுமானியை வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாற்றுச் சுருளின் விலை சில நூறு ரூபாய்தான்.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு விசையைத் தூக்க வேண்டும். நின்றால், ஒவ்வொரு கருவியாக இணைத்துப் பார்க்க வேண்டும். எதை இணைக்கும்போது விழுகிறதோ அதுவே குற்றவாளி. ஓவனின் மூடியைக் கழற்றுவது அதற்குரியவரின் வேலை.

என் மாணவியின் வீட்டில் இவை எதுவும் நடக்கவில்லை. வந்த எலெக்ட்ரீஷியன், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுத்துவிட்டுப் போனார். 'இனிமே விழாது' என்றாராம். உண்மைதான், விழவில்லை. கார்த்திகை முழுவதும் கேக் வெந்தது. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கேக் நிற்கிறது, எப்படியாவது ஓட வையுங்கள் என்று கேட்டவர்கள் வீட்டுக்காரர்கள்தாம்.

மார்கழியில் ஒருநாள் அவருடைய மாமனார் தறியில் அமர்ந்திருந்தார். குழித்தறி எப்படி இருக்கும் என்பதைக் காஞ்சிபுரத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மிதியை மிதிக்கும் கால்கள் தரைக்குக் கீழே, மண் குழிக்குள் இருக்கும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறி நெசவே நின்றுபோவதும் உண்டு. நீர் வடிந்த பின்னும் மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈர மண்ணில் வெறுங்கால் ஊன்றியபடி, ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றி இறக்கும் மோட்டாரின் இரும்புச் சட்டத்தைத் தொட்டவர் தூக்கி எறியப்பட்டார். கை சட்டத்தைப் பற்றியிருக்கவில்லை, புறங்கை பட்டது. அதனால் பிழைத்தார்.

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு சமையலறையில் இருந்தது. வீட்டின் எல்லா உலோக உடல்களையும் இணைக்கும் எர்த் கம்பி ஒன்றே. அது மண்ணில் புதைத்த எர்த் குழாயில் முடிகிறது. அக்குழாய் துருப்பிடித்து, அதன் தடை 100 ஓம் ஆகியிருந்தது என்று பின்னர் அளந்து சொன்னார்கள். 230 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர், இதைக் கண்டு 16 ஆம்பியர் எம்.சி.பி. விழப் போவதில்லை. அதற்கு அது ஓர் இஸ்திரிப் பெட்டி ஓடுவதைப் போன்றதே. ஆனால் அந்நேரத்தில் ஓவனின் உடல், எர்த் கம்பி, அதனோடு இணைந்த மோட்டார்ச் சட்டம் எல்லாமே உயிருள்ள கம்பிகளாகிவிட்டன. ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால், 2.3 ஆம்பியர் என்ன, அதில் எழுபதில் ஒரு பங்குக்கே விழுந்திருக்கும். விழுந்துகொண்டுதான் இருந்தது, நாம்தான் அதை அகற்றினோம். கழற்றிப் பார்த்தபோது ஓவன் சுருளின் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. ஐப்பசியில் ஈரமாகத் தொடங்கியது மார்கழிக்குள் வெடிப்பாக வளர்ந்திருந்தது.

பொருளியலில் 'புறவிளைவு' என்று ஒரு கருத்துண்டு. ஆர்தர் பிகு தம்முடைய 1920-ஆம் ஆண்டு நூலில், ரயில் என்ஜின் கக்கும் தீப்பொறியால் பக்கத்துக் காடு எரிவதை எடுத்துக்காட்டாகச் சொல்வார். பயன் ஒருவருக்கு, இழப்பு வேறொருவருக்கு. ஆகவே பயன்பெறுபவரின் கணக்கில் அந்த இழப்பு ஏறுவதே இல்லை. முப்பது ஆண்டுகள் இதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரே கூரையின் கீழ், அடுப்படிக்கும் தறிக்கும் இடையே அதைக் காண்பேன் என்று எண்ணியதில்லை.

இது ஒரு வீட்டின் கதையன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகளின்படி, மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இறக்கிறார்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய இணைப்புகளுக்குக் கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியுள்ளது, வரவேற்கத்தக்கது. ஆனால் நெசவாளர் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய இணைப்புகள். ஒரு குண்டு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்ட கம்பியில் இன்று மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், ஓவன் அனைத்தும் ஓடுகின்றன.

கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 1,800 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று மதிப்பிட்டாலும் 9,000 ரூபாய். ஆர்.சி.சி.பி. ஒன்றின் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அது பல ஆண்டுகள் உழைக்கும். மின்சாரத்தைத் தடையின்றிக் கொடுக்கும் அரசு, அது பாதுகாப்பாகப் பாயும் வழியையும் ஒருமுறை செலவழித்து அமைத்துக் கொடுத்தால் என்ன? கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, தறி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் எர்த் தடையை அளந்து, கசிவுத் தடுப்புக் கருவியைப் பொருத்தலாம். இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வரும் ஊழியர், அக்கருவி இருக்கிறதா, யாரேனும் அதைத் தாண்டிக் கம்பி கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டால் போதும். இதற்குப் புதிய துறையோ புதிய சட்டமோ தேவையில்லை.

அந்த வீட்டில் இப்போது புது எர்த் குழாய், ஓவனுக்குத் தனி இணைப்பு, புதுச் சுருள். ஆர்.சி.சி.பி. மீண்டும் தன் இடத்தில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஆன செலவு, ஒரு பட்டுப் புடவைக்குக் கிடைக்கும் நெசவுக் கூலியைவிடக் குறைவு. பெரியவர் தறிக்குத் திரும்பிவிட்டார். மோட்டாரைத் தொடுமுன் மட்டும் இன்னும் ஒரு கணம் தயங்குகிறார் என்றார் மருமகள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு மின்பலகையைப் பாருங்கள். ஆங்கில 'டி' எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று அதில் இருக்க வேண்டும். இல்லையெனில் உங்கள் வீட்டில் கம்பிக்குக் காவல் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. இருந்தால், அதை ஒருமுறை அழுத்துங்கள். வீடு இருட்டாக வேண்டும். இருட்டானால் நிம்மதியாக விசையைத் தூக்கிவிடலாம். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. அழுத்தியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அன்றே தகுதியுள்ள ஒருவரை அழையுங்கள். அவர் வந்ததும் 'விழாமல் செய்யுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஏன் விழுகிறது என்று பாருங்கள்' என்று கேளுங்கள்.